இரண்டு பக்கக் குறிப்பில் விட்டுப்போனது

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், இடுப்பு மட்டும் நலமில்லை. நீ கடல் நடுவில் இருக்கும் அந்தப் பாறைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? கலங்கரை விளக்கத்தில் வேலை என்றால் தூங்குவது எங்கே, சமைத்துப் போடுவது யார், எல்லாவற்றையும் விவரமாக எழுது. போன் எடுக்காத இடத்தில் போய் நீ உட்கார்ந்துகொண்டதால் நான் வீடு முழுக்கப் பேனா தேட வேண்டியிருக்கிறது.

உன் சீமாட்டியும் நலம். கடிதத்தைப் பிரித்ததும் நீ அதைத்தான் தேடியிருப்பாய். அதனால்தான் என் இடுப்பை முதலில் எழுதினேன்.

"ரெண்டே மாசம்கா. ஒரு செடியைப் பாத்துக்கற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். செடிக்கு யாராவது உயிரோடு பூச்சி வாங்கிப் போடுவார்களா? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, எட்டுக் காலிலும் மயிர், அதற்குச் சீமாட்டி என்று பேர் வேறு. நகத்தளவு குஞ்சாக வாங்கி வந்த நாளிலிருந்து பதினான்கு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். உன்னோடு பழகிய இரண்டு பெண்களும் அதைப் பார்த்த அன்றே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்போதும் நீ அதைத்தான் வைத்துக்கொண்டாய்.

சூட்டு விளக்குக்கு ப்ளக் வேண்டும் என்பதால் தொட்டியை என் வேலை மேசையின் ஓரத்திலேயே வைத்திருக்கிறேன். நான் மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்கும்போது எதிரே கண்ணாடிக்குள் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆள் இரண்டு கண்ணால் பார்த்தாலே எனக்குக் கை ஓடாது. இதற்கு எட்டு. நான் செய்கிற பல்செட்டைப் போட்டுக்கொண்டு ஊரே சிரிக்கிறது, எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. முந்தாநாள் மாடிக்கு வந்தவர், துணி போட்டு மூடிய தொட்டியைப் பார்த்து "அது என்னம்மா உள்ள லைட் எரியுது?" என்று கேட்டார். "பல் அச்சு காயப் போட்டிருக்கேன்மா" என்றேன். நாற்பத்தாறு வயதில் உன்னால் நான் பொய் சொல்லப் பழகுகிறேன்.

நீ எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இருபத்துமூன்று விதிகள். தண்ணீர்த் தட்டு எங்கே, மண்ணில் ஈரம் எவ்வளவு, தப்பித்துவிட்டால் எங்கே தேடுவது, எல்லாம் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் வந்துவிடுவாய் என்பது மட்டும் இல்லை. அதை வாயால்தான் சொன்னாய். இருபத்துநான்காவதாக அதையும் நானே எழுதிச் சேர்த்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இடுப்புக்கு அந்த முக்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு முதுகு சாயும் நாற்காலி வாங்கு. இங்கே மாதம் இரண்டு முறை, ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும், சாமான் படகு வரும். இரண்டு மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் உன் கடிதத்தைப் படித்து, பதில் எழுதி, படகுக்காரர் கையில் கொடுத்தாக வேண்டும். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நாங்கள் நான்கு பேர். விளக்குக் காப்பாளர், சமையல்காரர், ஒரு மெக்கானிக், எலக்ட்ரீஷியன் நான். பழைய விளக்கைக் கழற்றிப் புதிய லென்ஸ் மாட்டும் வரை வேலை.

சீமாட்டி அசையாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவளுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டுதான். உன்னைப் பார்க்கவில்லை அக்கா. நீ மேசையில் தட்டுவதையும் தேய்ப்பதையும் காலால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பத்து நாளைக்கு ஒரு பூச்சி போதும், பாசத்தில் அதிகம் போட்டுவிடாதே. தின்னாமல் விட்டதை மறுநாள் காலையில் எடுத்துவிடு. தண்ணீர்த் தட்டு காயக் கூடாது. மரப்பட்டைக்கு அடியில் வளை தோண்டியிருப்பாள், அதைக் கலைக்காதே.

அவள் "அது" இல்லை, அக்கா.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் எழுதியிருந்தாய். அதில் முக்கால் பக்கம் சீமாட்டி. என் பங்குக்கு ஒரு நாற்காலி வந்தது. பரவாயில்லை, வாங்கிவிட்டேன், வலி குறைந்திருக்கிறது.

போன வாரம் நடந்த கூத்தைக் கேள். பூச்சி டப்பாவின் மூடி சரியாக உட்காராமல் சில்வண்டுகள் மேசை முழுக்க ஓடின. ஒன்பதைப் பிடித்தேன். பத்தாவது, கிளினிக்குக்குப் போகவேண்டிய பல்செட் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் பேஷண்ட் முன்னால் பெட்டியைத் திறக்கிறார், அது பல்லுக்கு நடுவிலிருந்து கத்துகிறது. "என்னம்மா, உங்க பல்லு பேச ஆரம்பிச்சிடுச்சு" என்று போனில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருபது வருடத்தில் என் வேலையில் அவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது நல்ல செய்தி. பெரிய பல் லேப் ஒன்றிலிருந்து அழைத்திருக்கிறார்கள். நான் வேலை பழகிய இடத்தில் எனக்கு மூத்தவராக இருந்த அம்மாதான் அங்கே இப்போது தலைமை டெக்னீஷியன். என் பல்லை எங்கோ ஒரு வாயில் பார்த்துவிட்டு யார் செய்தது என்று விசாரித்தாராம். பல் பதிக்கும் பிரிவு முழுக்க என் பொறுப்பு. ஜூலை ஒன்று சேர வேண்டும். மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். தங்குவதற்கு லேப் விடுதியிலேயே அறை. ஆனால் விடுதியில் பூனைக்குட்டிகூடக் கூடாதாம், சிலந்திக்கு எங்கே போவது?

தம்பி, இந்தப் பின் அறையில் தனியாக உட்கார்ந்து பல் செய்தே எனக்கு வயதாகிவிட்டது. இது என்னைத் தேடி வந்த முதல் வேலை. நான் போக ஆசைப்படுகிறேன். நீ ஏப்ரலில் வந்து சீமாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

அவள் காலால் கேட்கிறாள் என்று நீ எழுதியதிலிருந்து வேலை செய்யும்போது கொஞ்சம் பேசுகிறேன். வேறு யார் இருக்கிறார்கள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை விஷயம் கேட்டு ரொம்பச் சந்தோஷம். உனக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது.

சில்வண்டு டப்பாவின் மூடிக்கு இரண்டு ரப்பர் பேண்ட் போடு. டப்பாவுக்குள் முட்டை அட்டையைக் கிழித்துப் போட்டால் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வெளியே குதிக்காது. சீமாட்டிக்குப் போடும் முன்னால் பூச்சிக்கு ஒரு நாள் கேரட் துண்டு கொடு. அவள் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்தால் மயிரை உதிர்க்கிறாள் என்று அர்த்தம், முகத்தை உடனே விலக்கிக்கொள், கண்ணில் பட்டால் அரிக்கும். விளக்கு இரவில் வேண்டாம்.

லென்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. ஏப்ரல் பற்றி அடுத்த படகில் சொல்கிறேன்.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. நீ நலமா என்று கேட்பது நிஜமாகவே தெரியாததால்.

ஏப்ரல் ஐந்தாம் தேதிப் படகு போனது. இருபதாம் தேதிப் படகும் போனது. இரண்டிலும் உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. ஏப்ரலே முடியப்போகிறது. சுவரில் இருபத்துநான்காவது விதியைத் தினமும் பார்க்கிறேன். மற்ற இருபத்துமூன்றையும் நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். உன் பங்குக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

சீமாட்டி ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லை. போட்ட பூச்சி மேலேயே ஏறி நடந்தாலும் காலை உதறிவிட்டு நகர்ந்து போகிறாள். வயிறு கறுத்து மினுமினுக்கிறது. குறிப்பை மூன்று முறை படித்துவிட்டேன், சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. பூச்சி விற்கிற கடைக்காரரைக் கேட்டேன். "எனக்கு மீன் பத்திதாம்மா தெரியும்" என்றார். ஒருவேளை என் கை ராசியோ, இந்தப் பிளாஸ்டர் தூசியோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இரண்டு கேள்வி கேட்கிறேன். அவளுக்கு என்ன? நீ எப்போது வருகிறாய்? லேப் அம்மாவுக்கு இன்னும் பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபமாக இருக்கிறது. இதைக் குறிப்பால் உணர்த்தி எல்லாம் எனக்குப் பழக்கமில்லை, அதனால் நேரடியாகவே எழுதுகிறேன்.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபப்படாதே. இங்கே அலை அதிகம், போன இரண்டு முறையும் எழுத முடியவில்லை.

சீமாட்டி சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். கட்டாயப்படுத்தாதே. தண்ணீர் மட்டும் தட்டில் இருக்கட்டும். பூச்சியை உள்ளே விட்டு வைக்காதே. மண்ணைக் கொஞ்சம் ஈரமாக வை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

உன் கை ராசியில் ஒரு குறையும் இல்லை.

வரும் தேதியை அடுத்த படகில் சொல்கிறேன்.

தம்பி


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு படி.

நேற்றுக் காலையில் துணியை எடுத்தபோது சீமாட்டி மரப்பட்டைக்கு வெளியே கிடந்தாள். கால் எல்லாம் பரப்பிக்கொண்டு, அசைவே இல்லை. தண்ணீர் தெளித்தேன். மேசையைத் தட்டினேன், கேட்பாளே என்று. சாயங்காலம் வரை பார்த்தேன். வயிறு சுருங்கி ஒட்டிப்போயிருந்தது. பட்டினியால்தான் போயிருக்கிறாள். வழக்கம்தான் என்று நீ எழுதியதை நம்பினேன்.

கையால் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியால் எடுத்தேன். ஒன்பது வாரப் பட்டினி, பஞ்சு மாதிரி கனமே இல்லை. பல்செட் அனுப்புகிற பெட்டியில் பஞ்சு வைத்துப் பார்சலாக உனக்கு அனுப்பியிருக்கிறேன். பதினான்கு வருடம் வளர்த்தவன் நீ, எங்கே புதைப்பது என்று நீயே முடிவு செய். இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. பார்சல் பின்னால் வரும்.

உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனிமேல் போகலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த பிறகுதான் அழுதேன், அவளுக்காகவா, என் புத்திக்காகவா என்று தெரியவில்லை.

இன்று லேப் அம்மாவுக்குச் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டேன். விடுதிக்கு ஒரு படிவம் இருந்தது. உடன் வருவோர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். ஒருவரும் இல்லை என்று எழுதினேன்.

தொட்டியை அப்படியே பின்படிக்கட்டில் வைத்திருக்கிறேன், கிளற மனம் வரவில்லை. உன்னைக் குறை சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பார்சல் இந்தப் படகில் வரவில்லை, கரையிலேயே நிற்கிறதாம். ஒரு மணி நேரம் உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். மீதி இருக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அவளுக்கு வயதாகியிருக்கலாம்.

இனிமேல் மறைக்க ஒரு காரணமும் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை, அக்கா. இங்கே காப்பாளர் ஓய்வு பெறுகிறார். மார்ச் மாதமே என்னைக் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் வேலைச் செய்தி வந்த அதே வாரம். எழுத உட்காரும்போதெல்லாம் சீமாட்டியை என்ன செய்வது என்ற கேள்வி குறுக்கே வந்தது. உன் மேல் சுமையை வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று எப்படி எழுதுவது? அதனால் பூச்சியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. ராத்திரி விளக்கு சுற்றுகிறது, காலையில் துடைக்கிறேன்.

நீ அந்த வேலைக்குப் போ. தயவுசெய்து போ.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

நலம் விசாரிப்பு இந்த முறை கிடையாது.

மார்ச்சில் கையெழுத்துப் போட்டாய். ஏப்ரல் முழுக்க நான் தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். அந்தப் பிராணி எனக்குச் சுமை என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். நீ வராததுதான் சுமை என்பது உன் மண்டையில் ஏறவே இல்லை. அது மேசையில் இருக்கிற வரைக்கும் நீ ஒரு நாள் வந்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு தெம்பு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குப் பூச்சி போட்டது அதற்காகத்தான்.

யாரும் உன்னை எதுவும் கேட்பதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கேட்பதற்கு உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். மூன்று மாதமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். அதற்கு நீ எனக்கு ரப்பர் பேண்ட் போடச் சொல்லிக்கொடுத்தாய்.

தொட்டியை நேற்று வீட்டுக்காரம்மா கீழே எடுத்துப்போனார். மண்ணோடு இருக்கிறது, பூச்செடி விதை போட்டுக்கொள்கிறேன் என்றார். மேலே சன்னமான கம்பிவலை மூடி இருப்பதால் எலி தொல்லை இல்லை என்று அவருக்கு ஒரே திருப்தி. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை. இனி சொல்லி என்ன.

மாதக் கடைசியில் நான் கிளம்புகிறேன். புது விலாசம் வேண்டுமென்றால் கேள்.

அக்கா


ஜூன் 20

அக்கா, அக்கா,

பார்சல் வந்துவிட்டது. உன் கடிதமும் சேர்ந்து வந்தது. உன் கோபத்துக்குப் பதில் பின்னால் எழுதுகிறேன், இதை முதலில் படி. சீமாட்டி சாகவில்லை.

நீ அனுப்பியது அவள் உரித்துப் போட்ட சட்டை. பாம்பு உரிக்கிற மாதிரியே சிலந்தியும் உரிக்கும், கால், மயிர், முகம் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே ஆள் இருக்காது. முதுகு மூடி திறந்தபடி இருக்கிறது, அதன் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறாள். கனமே இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், உரிக்கும்போதே செத்துவிட்டாள் என்று நினைத்து நானும் அதைக் கவனிக்கவில்லை. நாள் முழுக்க அச்சும் வார்ப்பும் செய்கிறவள் நீ, எது அச்சு எது ஆள் என்று உனக்கா தெரியவில்லை? கவிழ்த்துப் பார்த்திருந்தால் அடியில் இரண்டு பல்லும் இருந்திருக்கும். பழைய பல்லையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, புதுப் பல்லோடு வளைக்குள் போய்ப் படுத்திருக்கிறாள்.

தொட்டியை வாங்கு. விதை, தண்ணீர், வெயில், எதையும் அதில் படவிடாதே. மரப்பட்டையை மெதுவாகத் தூக்கிப் பார். பல் கறுத்த பிறகுதான் பூச்சி போடலாம்.

இது குறிப்பில் ஏன் இல்லை என்று கேட்பாய். ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை உரிப்பாள். இந்த முறை மே மாதம் என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் வருவதாகச் சொல்லித்தானே கொடுத்தேன், அதனால் முதலில் எழுதவில்லை. பிறகு அவள் சாப்பிடவில்லை என்று நீ எழுதியபோதே புரிந்துவிட்டது. சொல்லியிருந்தால், அப்போது நீ இங்கே இருக்கமாட்டாயா என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து "வழக்கம்தான்" என்று எழுதினேன். தொட்டியில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது உன் கையால் இல்லை, என் கையால்தான்.

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்க நான்கு நாளோ ஐந்து நாளோ. அதற்குப் பதில் வர ஐந்தாம் தேதி. நான் இங்கே கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வரி எழுது அக்கா, போதும்.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மழை பெய்கிறது. புது நாற்காலி நன்றாகவே இருக்கிறது, கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கையில் மெழுகோடு கீழே ஓடினேன். தொட்டி வீட்டுக்காரம்மாவின் வராந்தாவில், நிழலில்தான் இருந்தது. அவர் குறைப்பட்டுக்கொண்டார். "விதை போட்டு ரெண்டு வாரமாச்சும்மா, ஒண்ணும் முளைக்கல. தினம் காலைல பாத்தா யாரோ மண்ணை வாரி ஓரமா குவிச்சு வெச்சிருக்காங்க. மூடி போட்டபடியே இருக்கு, எலி எப்படி உள்ள போச்சுன்னே தெரியல."

நான் மூடியை எடுத்தேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றேன். மரப்பட்டையைத் தூக்கினேன்.

சட்டையில் பல் இருந்ததை நான் பார்க்கவில்லைதான். அந்தக் கேலியை ஏற்றுக்கொள்கிறேன். உயிர் உள்ளதை விட்டுவிட்டு வெறும் கூட்டை அனுப்பி வைத்தது நான் மட்டும் இல்லை என்பதையும் நீ கொஞ்சம் யோசி. ஐந்து மாதம் உன்னிடமிருந்து எனக்கு வந்த கடிதமெல்லாம் எது, சட்டையா, ஆளா?

ஒரு வரி போதும் என்று கேட்டிருக்கிறாய். மார்ச்சில் நானும் அதையேதான் கேட்டேன். பட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்பதை அடுத்த படகில் சொல்கிறேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாவிட்டால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் படகு திரும்பிப் போகும்போது ஆளையும் ஏற்றிக்கொண்டுதான் போகும். வந்து பார். புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 27

மதிப்புக்குரிய தலைமை டெக்னீஷியன் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலம் அறிய ஆவல். சொன்னபடி ஜூலை ஒன்றாம் தேதி காலையில் வேலையில் சேர்ந்துவிடுவேன்.

ஒரு மாற்றம் இருக்கிறது. விடுதி அறை எனக்கு வேண்டாம். லேபுக்குப் பக்கத்தில் வெளியே ஒரு அறை கிடைத்தால் சொல்லி வைக்கவும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, மேசைக்குப் பக்கத்தில் ஒரு ப்ளக் இருக்க வேண்டும், நேர் வெயில் விழக் கூடாது. வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். இங்கே ஐந்து மாதம் மறைத்து வைத்திருந்தேன், முந்தாநாள் தெரிந்ததும் எங்கள் வீட்டுக்காரம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

என்னோடு வருவது ஒரு பெரிய சிலந்தி. வயது பதினான்கு. சத்தம் போடாது, வெளியே வராது, பத்து நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. போன மாதம் செத்துவிட்டது என்று நானே பெட்டியில் வைத்து அனுப்பினேன். இப்போது பழைய தோலை எல்லாம் கழற்றிவிட்டு முன்பைவிடக் கறுப்பாக, கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. பல்கூடப் புதிது. நம் தொழிலில் இருபது வருடம் இருந்தும் அவ்வளவு நேர்த்தியான ஜோடியை நான் பார்த்ததில்லை, நீங்களும் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

அது என் தம்பியுடையது என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

விடுதிப் படிவத்தில் உடன் வருவோர் என்ற இடத்தில் ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் பழைய சக ஊழியர்